யாருடைய தகுதிக் குறைவு?

புதிய பட்டதாரிகள் வேலை தேடிப் புறப்படும் ஒவ்வோர் ஆண்டும் ஒரே குற்றச்சாட்டு தவறாமல் எழுகிறது. இந்தியப் பட்டதாரிகள் வேலைக்குத் தகுதியற்றவர்கள் என்பதே அது. 2005இல் நாஸ்காம் அமைப்பும் மெக்கின்சி நிறுவனமும் வெளியிட்ட அறிக்கை, பொறியியல் பட்டதாரிகளில் நால்வரில் ஒருவரே பன்னாட்டு நிறுவனங்களில் பணியமர்த்தத் தக்கவர் என்றது. 2024 ஜூலையில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த பொருளாதார ஆய்வறிக்கை, கல்லூரியை விட்டு வெளியே வருவோரில் ஏறத்தாழ இருவரில் ஒருவர் உடனடி வேலைக்குத் தயாராக இல்லை என்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆட்சிகள் மாறின, பாடத்திட்டங்கள் மாறின, பயிற்சித் திட்டங்களின் பெயர்கள் மாறின. குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படும் இளைஞர் மட்டும் மாறவில்லை.

அதே பொருளாதார ஆய்வறிக்கை இன்னொன்றையும் ஒப்புக்கொண்டிருக்கிறது. 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணக்குகளை ஆராய்ந்ததில், 2019-20 முதல் 2022-23 வரையிலான மூன்றாண்டுகளில் அவற்றின் வரிக்கு முந்தைய லாபம் ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகியிருந்தது. புதிய ஆள்சேர்ப்பும் ஊதிய உயர்வும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. நாளேடுகளில் தலைப்புச் செய்தியானது இளைஞரின் தகுதிக் குறைவு. உட்பக்கங்களில் ஒதுங்கிப்போனது நிறுவனங்களின் லாபக் கணக்கு. இவ்விரண்டையும் சேர்த்து வாசிப்பதே உழைப்பாளி மக்களின் பக்கம் நிற்போரின் கடமை.

குறை உண்மையானது

தகுதிக் குறைவு என்ற பேச்சை முதலாளிகளின் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது நேர்மையாகாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியிலுள்ள மானுட வளர்ச்சி நிறுவனமும் இணைந்து 2024 மார்ச்சில் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, அரசின் புள்ளிவிவரங்களைக் கொண்டே சில உண்மைகளை முன்வைத்தது. நம் நாட்டு இளைஞர்களில் 75 சதவீதத்தினருக்கு ஒரு கோப்பை இணைத்து மின்னஞ்சல் அனுப்பத் தெரியாது. 60 சதவீதத்தினருக்குக் கோப்பை நகலெடுத்து வேறோரிடத்தில் ஒட்டத் தெரியாது. எக்செல் போன்ற விரிதாளில் ஒரு கணக்கு வாய்பாட்டை இடத் தெரியாதோர் 90 சதவீதம். இவை இளைஞர் அனைவரையும் சேர்த்த கணக்கு. பட்டதாரிகளை மட்டும் குறித்தவை அல்ல. ஆயினும் இச்சமூகத்திலிருந்துதான் நம் பட்டதாரிகளும் வருகின்றனர்.

அதே அறிக்கை தரும் மற்றொரு கணக்கு இதனினும் கடுமையானது. 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம்; பட்டதாரி இளைஞர்களிடையே 29.1 சதவீதம். எழுத்தறிவற்றோருக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. வேலையில்லாமல் ஒரு நாள் இருக்கவும் அவர்களுக்கு வசதியில்லை. கிடைத்த கூலிக்குப் போகிறார்கள். குடும்பம் கடன்பட்டுப் படிக்க வைத்த பட்டதாரியோ, படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறார். காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் கற்றது மங்குகிறது. தன்மீதுள்ள நம்பிக்கையும் தேய்கிறது.

கையில் கைப்பேசி இல்லாத இளைஞரே இல்லை எனும்போது இந்தக் குறை எப்படி நேர்ந்தது என்று சிலர் வியக்கின்றனர். கைப்பேசி வேறு, கணினி வேறு. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் பணம் செலுத்துவதற்கும் கைப்பேசி போதும். அறிக்கை எழுதவும், அட்டவணை அமைக்கவும், கோப்புகளை வகைப்படுத்திச் சேமிக்கவும், அலுவலகம் கேட்கும் வடிவில் ஒரு வேலையை முடித்துத் தரவும் கணினியும் விசைப்பலகையும் வேண்டும். தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றின்படி, 2017-18இல் கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 சதவீதத்தினரிடமும் நகர்ப்புறக் குடும்பங்களில் 23.4 சதவீதத்தினரிடமும் மட்டுமே கணினி இருந்தது. அன்று பள்ளியில் இருந்த பிள்ளைகளே இன்றைய புதிய பட்டதாரிகள். வீட்டில் இல்லாத கருவி, கல்லூரி ஆய்வகத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதுவும் மூவருக்கு ஒன்று என்ற கணக்கில் கிடைத்தால், தேர்வுக்குரிய விடைகளை மனப்பாடம் செய்யலாம், கை பழகாது. கை பழகாத இடத்தில் தயக்கம் குடியேறுகிறது. அந்தத் தயக்கத்தைத்தான் நேர்காணல் அறையில் இருப்போர் ‘தகுதியின்மை’ என்று குறித்துக்கொள்கின்றனர்.

இதை அன்றாடம் காண வேண்டுமாயின் ஏதாவதொரு பிரவுசிங் சென்டருக்குச் சென்றால் போதும். அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு விண்ணப்பிக்க முதுகலைப் பட்டம் பெற்றவர் வரிசையில் நிற்கிறார். அவருடைய மின்னஞ்சலைத் திறப்பவரும், கடவுச்சொல்லை வைத்திருப்பவரும், புகைப்படத்தை உரிய அளவுக்குச் சுருக்கிப் பதிவேற்றுபவரும் அந்தக் கடைக்காரரே. பிரிவிலோ பிறந்த தேதியிலோ ஒரு பிழை நேர்ந்தால் ஓராண்டு உழைப்பு வீணாகிறது. தன் வாழ்க்கையின் திறவுகோலைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு நிற்கும் நிலை எவரிடமும் தன்னம்பிக்கையை வளர்க்காது.

கேரளம் நடந்த வழி

இந்நிலை மாற்ற முடியாததா? அண்டை மாநிலத்தின் அனுபவம் வேறு விடை தருகிறது. 1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம், நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. மாவட்ட நிர்வாகமும், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களும் வீடு வீடாக நடந்து சாதித்தது அது. அடுத்த ஆண்டே மாநிலம் முழுவதும் அந்நிலையை எட்டியது. 2002 நவம்பரில், மலப்புரம் மாவட்டத்தை முதற்களமாகக் கொண்டு, குடும்பத்துக்கு ஒருவரேனும் கணினியைக் கையாளக் கற்க வேண்டும் என்ற இலக்குடன் அக்ஷயா திட்டம் தொடங்கப்பட்டது. 2001இல் உருப்பெற்ற ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், பின்னாளில் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. கணினிக் கல்வி உயர்நிலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமானது.

இங்கு ஒரு முடிவு சிறப்பாகக் குறிக்கத்தக்கது. பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் மென்பொருளைப் பள்ளிகளின் வழியே தலைமுறைக்கே பழக்கிவிடும் முயற்சியை ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. உரிமக் கட்டணமில்லாத கட்டற்ற மென்பொருளைக் கேரளப் பள்ளிகள் ஏற்றன. அதனால் மிச்சமான பணம் பெரிது; அதனினும் பெரிது மாணவர் பெற்ற மனப்பான்மை. மென்பொருள் என்பது விலைக்கு வாங்கும் பொருள் மட்டுமன்று, திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய மனித உழைப்பு என்பதை ஓர் எட்டாம் வகுப்பு மாணவி அறிகிறாள். 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் பள்ளிப் பிள்ளைகளே கணினிகளைப் பராமரிக்கவும் மற்றவர்க்குக் கற்பிக்கவும் பழகுகின்றனர். கருவியைக் கண்டு அஞ்சாத மனம் இவ்வாறுதான் உருவாகிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சி 2022இல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த முயற்சியை மாநிலம் முழுவதற்கும் விரித்ததே ‘டிஜி கேரளம்’ இயக்கம். 83 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில், ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேரிடம் கணக்கெடுப்பு நடத்தி, டிஜிட்டல் கருவிகளைக் கையாளத் தெரியாத சுமார் 21.88 லட்சம் பேர் இனங்காணப்பட்டனர். குடும்பஸ்ரீ உறுப்பினர், மாணவர், நூலக ஊழியர் என இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வீடுகளிலும், நூறு நாள் வேலைத் தளங்களிலும், அயற்குழுக் கூட்டங்களிலும் கற்பித்தனர். எர்ணாகுளம் மாவட்டத்தில் 105 வயது முதியவர் ஒருவரும் கற்றார். 2025 ஆகஸ்ட் 21 அன்று, முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற நாட்டின் முதல் மாநிலமாகக் கேரளத்தை முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார்.

இதே காலத்தில் ஒன்றிய அரசு செய்தது என்ன? ஆறு கோடி ஊரகக் குடும்பங்களுக்கென 2017இல் தொடங்கிய பிரதமர் ஊரக டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம், ஒருவருக்கு 20 மணி நேரப் பயிற்சி அளித்துச் சான்றிதழ் வழங்கிவிட்டு 2024 மார்ச்சுடன் முடித்துக்கொள்ளப்பட்டது. திறன் மேம்பாட்டுக்கான பிரதமரின் முதன்மைத் திட்டத்தை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயிற்சி பெற்றதாகப் பதிவானோரில் 94 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் வங்கிக் கணக்கு விவரம் வெற்றிடமாகவோ பொருளற்ற எண்களாகவோ இருந்ததை அது வெளிப்படுத்தியது. பயிற்சி என்ற பெயரில் தனியார் மையங்களுக்குப் பொதுப்பணம் சென்றது. இளைஞர் கைக்குத் திறன் சென்றதா என்று பார்ப்பாரில்லை. ஊர்மக்கள் கண்முன்னே நடந்த இயக்கத்துக்கும், ஒப்பந்த மையங்களின் பதிவேட்டில் நடந்த பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கேரளத்தின் பாதையும் மேடுபள்ளமற்றதன்று. 2020 ஜூன் முதல் நாள் இணையவழி வகுப்புகள் தொடங்கியபோது, தொலைக்காட்சி பழுதாகித் திறன்பேசியும் இல்லாத வீட்டில் மனம் நொந்த வளாஞ்சேரி தலித் மாணவி ஒருவரின் உயிரை அம்மாநிலம் பறிகொடுத்தது. அதன் பின்னரே வாசகசாலைகளிலும் பொதுவிடங்களிலும் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கும் பணி விரைவுபெற்றது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணமின்றி இணையம் தரும் இலக்குடன் 2023 ஜூனில் தொடங்கப்பட்ட கே-ஃபோன், அந்த இலக்கை எட்ட நெடுந்தொலைவு செல்ல வேண்டியுள்ளது. சாதனையை மட்டும் சொல்லிக் குறையை மறைப்பது நமக்குப் பயன்தராது.

திருப்பூணித்துறை எழுப்பும் கேள்வி

குறைகளில் பெரியது இனி வருவது. 2023-24ஆம் ஆண்டுக்கான ஒன்றிய அரசின் தொழிலாளர் திறன் ஆய்வின்படி, 15 முதல் 29 வயதினரிடையே கேரளத்தில் வேலையின்மை 29.9 சதவீதம். மாநிலங்களிலேயே இது மிக உயர்ந்த அளவு. இளம் பெண்களிடையே 47.1 சதவீதம், வேலை தேடும் இளம் பெண்களில் ஏறத்தாழ இருவரில் ஒருவர். எழுத்தறிவிலும் டிஜிட்டல் எழுத்தறிவிலும் முதலிடம் பெற்ற மண்ணில்தான் இந்நிலை. திறன் இருந்தால் வேலை தானே வரும் என்ற வாதத்தை இந்த ஒரு கணக்கே தகர்த்துவிடுகிறது.

கொச்சியின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள திருப்பூணித்துறையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பழைய கொச்சி அரசகுடும்பத்தின் இருப்பிடமாயிருந்த அந்நகரில் அரசு சமஸ்கிருதக் கல்லூரியும், அரசு ஆயுர்வேதக் கல்லூரியும், ஆர்.எல்.வி. இசை, நுண்கலைக் கல்லூரியும் உள்ளன. 2024 மார்ச்சில் மெட்ரோ ரயிலின் முனையமும் அங்கு வந்துவிட்டது. இரும்பனம் வழியாகச் செல்லும் துறைமுகம்-விமான நிலையச் சாலையில் சிறிது தொலைவு சென்றால், 2004இல் நிறுவப்பட்ட காக்கநாடு இன்ஃபோபார்க். ஒருபுறம் பாட்டும் ஓவியமும் மொழியும் மருத்துவமும் கற்ற பட்டதாரிகள். மறுபுறம் கண்ணாடிக் கட்டடங்கள். இடைப்பட்ட சில கிலோமீட்டரைக் கடப்பதற்குத்தான் பேருந்தும் ரயிலும் போதவில்லை.

இசைப் பட்டதாரிக்கு டிஜிட்டல் திறன் தேவையில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஒலிப்பதிவும் தொகுப்பும் இணையவழிக் கற்பித்தலும் இன்று இசைத் தொழிலின் உறுப்புகள். ஆவணக்காப்பகங்களில் சுவடிகளை மின்னுருவாக்க மொழிப் பட்டதாரிகள் வேண்டும். மருத்துவமனைப் பதிவேடுகள் கணினிக்கு மாறிவிட்டன. ஒவ்வொரு துறைக்கும் அதனதன் வேலையோடு பிணைந்த டிஜிட்டல் திறன் உண்டு. அதைப் பட்டப்படிப்போடு சேர்த்துக் கற்பிக்காமல், எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்து, மூன்று மாதச் சான்றிதழும் ஆங்கிலத்தில் பேசிப் பழகும் வகுப்பும் கொடுத்தால் என்ன நேரும்? இசை கற்றவர் தன் கல்வியைக் குறையென எண்ணத் தொடங்குகிறார். சந்தை கேட்பது மட்டுமே அறிவு என்ற எண்ணம் அவருள் ஊன்றப்படுகிறது. தன்னம்பிக்கை வகுப்புகள் தன்னம்பிக்கையைத் தின்பது இப்படித்தான்.

சாப்பாவிலிருந்து செயலி வரை

கொச்சி உழைப்பாளிகளின் வரலாறு இதில் நமக்கு ஒரு பாடம் தருகிறது. திருப்பூணித்துறையிலிருந்து மேற்கே சென்று காயலைக் கடந்தால் மட்டாஞ்சேரி. அங்குத் துறைமுகத் தொழிலாளர்க்கு அன்று வேலை கிடைத்த முறைக்குச் ‘சாப்பா’ என்று பெயர். விடியலில் கூடி நிற்கும் கூட்டத்தின் நடுவே மூப்பன் உலோக வில்லைகளை வீசுவான். அடித்துப் பிடித்து ஒன்றைக் கைப்பற்றியவருக்கு அன்று வேலை. மற்றவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். மூட்டை தூக்குவதிலும் கப்பலில் சரக்கு அடுக்குவதிலும் அத்தொழிலாளர்கள் திறன் குறைந்தவர்கள் அல்லர். தலைமுறை தலைமுறையாகக் கைவந்த திறன் அது. வில்லைக்காகத் தன் தோழனையே மிதித்துச் செல்ல வேண்டிய நிலையில் அந்தத் திறன் எந்த மதிப்பையும் தரவில்லை. அம்முறைக்கு எதிரான நெடிய போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை சுட்டது. சைது, சைதலவி, ஆன்டணி ஆகிய தொழிலாளர்கள் தம் உயிரைத் தந்தனர். துறைமுகத் தொழிலாளர் பதிவு முறையும் வரிசைப்படியான வேலையும் அத்தகைய போராட்டங்களின் விளைவாக வந்தவை. தலைநிமிர்ந்து நிற்கும் துணிவு அத்தொழிலாளர்க்குப் பயிற்சி வகுப்பில் கிடைக்கவில்லை. நாளை வேலை உண்டு என்ற உறுதியில் கிடைத்தது.

இன்று வில்லையை வீசும் மூப்பன் இல்லை. உணவு கொண்டு சேர்க்கும் இளைஞரின் கைப்பேசியில் செயலி ஓர் அழைப்பை வீசுகிறது. முதலில் தொட்டவருக்கு வேலை. மென்பொருள் நிறுவனத்தில் சேரும் பட்டதாரிக்குப் பணிநியமனக் கடிதம் வருகிறது. பணியில் சேரும் நாள் வருவதில்லை. 2022இல் வேலை உறுதி பெற்ற பலர் ஈராண்டுகள் காத்திருந்து 2024 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் மைசூர் வளாகத்தில் பயிற்சியில் சேர்ந்தனர். 2025 பிப்ரவரியில், உள்தேர்வில் தேறவில்லை என்று கூறி முந்நூறுக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டு ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அனுபவமும் திறனும் மிக்கவர்கள் இவ்வாறு வெளியே தள்ளப்படுவதைப் பார்க்கும் புதிய பட்டதாரிக்குத் தன் திறன்மீது எப்படி நம்பிக்கை பிறக்கும்? பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதியவர்க்குத் தரும் தொடக்க ஊதியம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் ரூபாயைச் சுற்றியே நிற்கிறது. விலைவாசி அங்கே நிற்கவில்லை.

செயற்கை நுண்ணறிவைக் காட்டி இந்த அச்சம் மேலும் பெருக்கப்படுகிறது. புதியவர்கள் செய்து பழகிவந்த எளிய நிரல்களையும் குறிப்புகளையும் வாடிக்கையாளர் மறுமொழிகளையும் இயந்திரம் எழுதத் தொடங்கியிருப்பது உண்மை. வேலையின் முதற்படி இல்லாமற்போனால் இரண்டாம் படிக்கு எவரும் ஏற முடியாது. புதியவரைச் சேர்த்துப் பழக்கும் செலவை நிறுவனங்கள் கைகழுவ விரும்புகின்றன. அச்செலவைக் குடும்பத்தின் தலையிலும் அரசுக் கருவூலத்தின் தலையிலும் ஏற்றுகின்றன. ‘தயாராக வாருங்கள்’ என்ற கட்டளையின் பொருள் இதுவே. கருவியை வெறுப்பது தீர்வாகாது. கேரளம் 2024இல் ஏழாம் வகுப்புப் பாடநூலிலேயே செயற்கை நுண்ணறிவை அறிமுகம் செய்து, அது காட்டுவது உண்மையா பொய்யா என ஆராயவும் பிள்ளைகளைப் பழக்கத் தொடங்கியது. கருவியை அறிந்தவரே அது எவர் நலனுக்காக இயக்கப்படுகிறது என்றும் கேட்க முடியும்.

சட்டம் யார் பக்கம் நிற்கிறது? 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், நிலையாணைகள் கட்டாயமாகும் வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்த்தின. குறித்தகால வேலைமுறையை எல்லாத் துறைகளுக்கும் திறந்துவிட்டன. பயிற்சிக் காலம் எவ்வளவு, எந்தக் காரணத்துக்காக வெளியேற்றலாம், விசாரணை எவ்வாறு என்பவற்றை எழுத்தில் உறுதிசெய்வன நிலையாணைகள். அவை இல்லாத இடத்தில் புதிய பட்டதாரி ஒவ்வொரு நாளும் தேர்வெழுதிக்கொண்டிருக்கிறார்.

தமிழ்நாட்டின் அனுபவம்

தமிழ்நாட்டில் எளிய குடும்பத்துப் பட்டதாரிகளை அலுவலகங்களுக்குள் கொண்டுசென்றவற்றில் தெருவோரத் தட்டச்சுப் பயிலகங்களுக்குப் பெரும் பங்குண்டு. சிறு கட்டணம், நாள்தோறும் ஒரு மணி நேரம், சொந்தமாக ஓர் இயந்திரம், மாதக்கணக்கில் இடையறாத பழக்கம், முடிவில் அரசுத் தேர்வு. கீழ்நிலையும் மேல்நிலையும் தேறியவர் எந்த அலுவலகத்திலும் அச்சமின்றி அமர்ந்தார். தொடர்ந்த பழக்கமும், அரசு ஏற்கும் தகுதியும், அதற்குரிய பணியிடமும் ஒன்று சேர்ந்திருந்ததே அதன் வெற்றி. இம்மூன்றில் மூன்றாவது இன்று சுருங்கிவிட்டது. அரசு அலுவலகங்களில் நிரப்பப்படாத இடங்கள் ஒருபுறம். கணினி இயக்குநர் பணியைத் தொகுப்பூதியத்துக்கும் வெளிமுகமைக்கும் தள்ளிவிடும் போக்கு மறுபுறம்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் லட்சக்கணக்கான அரசுப் பள்ளி மாணவர் வீடுகளுக்கு முதற்கணினியைக் கொண்டுவந்தது. கொரோனாக் காலத்தை ஒட்டி அது நின்றது. எந்த ஆண்டுகளில் மிகவும் தேவைப்பட்டதோ அந்த ஆண்டுகளில் இல்லாமற்போனது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு ஈராண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது வரவேற்கத்தக்கது. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது. எனினும் எதைக் கற்பிப்பது என்பதை நிறுவனங்களே தீர்மானிக்க, கல்லூரி ஆசிரியர் பார்வையாளராக நிற்கும் நிலை உருவாகாமல் காக்க வேண்டும். கணினி அறிவியலில் பி.எட். முடித்தோர் அரசுப் பள்ளிகளில் பணியிடம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடுகின்றனர். கற்பிக்கத் தெரிந்தவர் வேலையின்றி இருக்க, கற்க வேண்டியவர் ஆசிரியரின்றி இருக்கும் முரணை எந்தத் தனியார் பயிற்சியும் தீர்க்காது.

தமிழ்நாட்டுக்குத் தன் சொந்த அனுபவமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களிடம் கொண்டுசென்றது. வயல்களிலும் கல்குவாரிகளிலும் வேலை செய்த ஆயிரக்கணக்கான பெண்கள் ஊரின் கேலியைப் பொருட்படுத்தாமல் சைக்கிள் ஓட்டக் கற்றனர். சைக்கிளைப் பற்றி விரிவுரை கேட்டு எவரும் ஓட்டக் கற்பதில்லை. சைக்கிள் கைக்கு வர வேண்டும்; விழுந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும்; கற்றபின் போய்ச்சேர ஓர் இடம் வேண்டும். கணினிக்கும் இதுவே விதி. கருவி, துணை, வேலை ஆகிய மூன்றும் கிடைக்கும்போது தன்னம்பிக்கை பிறக்கும். இவற்றுள் ஒன்றையும் தராமல் இளைஞரிடம் தன்னம்பிக்கையை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

மொழியும் இதில் ஒரு பகுதி. ஆங்கிலம் வராத கூச்சத்தையே பலர் கணினி வராத கூச்சமாகச் சுமக்கின்றனர். 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு வகுத்தளித்த தமிழ்99 விசைப்பலகை கைக்கு எளிதானது. ஆயினும் தமிழ் இலக்கியத்தில் பட்டம் பெற்றோரிலேயே அதில் தட்டச்சுச் செய்வோர் குறைவு. முதற்பாடத்தைத் தாய்மொழியில் கற்றவருக்கு ஆங்கிலத் திரை பின்னர் சுமையாவதில்லை. கணினியையும் அயல்மொழியையும் ஒரே நாளில் தலையில் ஏற்றினால் இரண்டும் வெறுப்பாகும்.

கோரிக்கைகளும் கடமைகளும்

அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி மாணவர் ஒவ்வொருவருக்கும் முதலாம் ஆண்டிலேயே கணினி வேண்டும். ஆய்வகங்கள் மாலையிலும் விடுமுறையிலும் திறந்திருக்க வேண்டும். அந்தந்தத் துறைக்குரிய டிஜிட்டல் பயிற்சி பட்டப்படிப்பின் உறுப்பாக, நிரந்தர ஆசிரியர்களால் கற்பிக்கப்பட வேண்டும். ஒன்றிய, மாநில அரசுகளின் காலிப் பணியிடங்கள் முறையான நியமனத்தால் நிரப்பப்பட வேண்டும். புதியவருக்கான பயிற்சியை நிறுவனமே ஊதியத்துடன் அளிக்க வேண்டும். பணிநியமனக் கடிதம் தந்தபின் காத்திருக்க வைக்கும் காலத்துக்கு ஈடு தர வேண்டும். மென்பொருள் நிறுவனங்களுக்கும் செயலிவழி வேலைகளுக்கும் தொழிலாளர் சட்டங்கள் முழுமையாகப் பொருந்த வேண்டும். இவை ஏககாலத்தில் எழுப்பப்பட வேண்டிய கோரிக்கைகள்.

கோரிக்கை எழுப்புவதோடு தோழர்களின் கடமை முடிந்துவிடாது. டிஜி கேரளத்தின் இரண்டரை லட்சம் தன்னார்வலர்கள் வானிலிருந்து வந்தவர்கள் அல்லர். நம்மைப் போன்ற அமைப்புகளில் இயங்குவோரே. கொச்சி வாத்துருத்தியில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பாயினும், திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளர் தெருவாயினும், முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் அங்கே இருப்பார். கட்சி அலுவலகத்திலும் படிப்பகத்திலும் மாலை வேளையில் இரண்டு கணினிகள் இயங்கினால், விண்ணப்பத்தைத் தன் கையாலேயே நிரப்பவும், தன் கடவுச்சொல்லைத் தானே காக்கவும், தமிழில் தட்டச்சுச் செய்யவும் அவர் கற்பார். மென்பொருள் துறையில் பணிபுரியும் தோழர்கள் வாரம் இரண்டு மணி நேரம் அங்கே அமரலாம். அங்கு வரும் இளைஞரிடம், வேலை கிடைத்ததும் சங்கத்தில் சேர வேண்டியதன் தேவையையும் உடன் பேச வேண்டும். பணியில் சேர்ந்த பட்டதாரி, தன் மேசையில் தனியாக நடுங்கிக்கொண்டிருக்கும் வரை அவர் கற்ற திறன் அவருக்கே உதவாது.

இளைஞர்கள் தகுதியற்றவர்கள் என்ற தீர்ப்பை எழுதியவர்கள், அவர்களுக்குக் கணினியும் ஆசிரியரும் நிலையான வேலையும் தராதவர்கள். அத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டு தலைகுனியும் ஒவ்வோர் இளைஞரையும் தேடிச் சென்று பேசுவதும், கற்பிப்பதும், திரட்டுவதும் கிளைகள்தோறும் உடனே தொடங்கப்பட வேண்டிய பணிகள்.